தனிம வரிசை அட்டவணையை அம்புக்குறி இல்லாமல் நடத்துவது

பிளஸ் ஒன் வேதியியலில் ஆவர்த்தன வகைப்பாடு பாடம் தொடங்கினாலே கரும்பலகையில் இரண்டு அம்புக்குறி விழுந்துவிடும். ஒன்று இடமிருந்து வலம், இன்னொன்று மேலிருந்து கீழ். அணு ஆரம் இந்தப் பக்கம் குறையும், அந்தப் பக்கம் கூடும். அயனியாக்கும் ஆற்றல், அதாவது அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றல், அதற்கு நேர்மாறு. பிணைப்பில் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் எலக்ட்ரான் கவர்தன்மையும் அப்படியே. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பிள்ளைகள் நோட்டில் வரைந்துகொள்வார்கள், பரீட்சையில் எழுதுவார்கள், மதிப்பெண்ணும் வாங்குவார்கள். அதே பிள்ளைகளை அடுத்த வருடம் நிறுத்தி, சோடியம் அணு பெரியதா குளோரின் அணு பெரியதா என்று கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் குளோரின் என்பார்கள். எலக்ட்ரான் அதிகம் உள்ளதுதானே பெரிதாக இருக்க வேண்டும் என்று காரணமும் சொல்வார்கள்.

கொடைக்கானல் மலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். பூம்பாறை, வில்பட்டி, பள்ளங்கி, மன்னவனூர் என்று சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள். இந்த ஒரு பாடத்தை மட்டும் நான் அவசரப்படாமல் நடத்துவேன். அம்புக்குறி என்பது முடிவு. முடிவை முதலில் கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. எண்களை முதலில் கொடுக்க வேண்டும், அம்புக்குறியைப் பிள்ளையே வரைய வேண்டும், அப்புறம் அந்த அம்புக்குறி எங்கெல்லாம் பொய்க்கிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். பொய்க்கும் இடத்தில்தான் காரணம் வெளியே தெரியும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான், மீதியெல்லாம் அதை வகுப்பில் எப்படிச் செய்கிறேன் என்பது.

முதலில் அட்டைகள். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து வைத்து வெட்டிக்கொள்வேன், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், தடிமனும் சரியாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு தனிமத்தின் அணு நிறை, அடர்த்தி, அதன் ஓர் அணு எத்தனை குளோரினோடு சேரும், எத்தனை ஆக்சிஜனோடு சேரும், உலோகமா அலோகமா, இவ்வளவுதான் எழுதியிருக்கும். பெயர் இருக்காது, அணு எண் இருக்கவே இருக்காது. குழுவுக்கு ஒரு கட்டு. "இதை ஏதாவது ஒரு ஒழுங்கில் அடுக்குங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன்.

எல்லாக் குழுவும் முதலில் அணு நிறைப்படி ஒரே நீளமாக அடுக்கும். பெஞ்சு போதாமல் தரைக்கு வரும். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர், குளோரினோடு சேரும் எண்ணிக்கை 1, 2, 3, 4, 3, 2, 1 என்று ஏறி இறங்கித் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்துவிடுவார். அங்கேயிருந்து வரிசையை மடித்து அடுத்த வரியாக வைக்க ஐந்து நிமிடம் ஆகாது. 1869 இல் இந்த அட்டவணையை வகுத்த ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் கையில் 63 தனிமங்கள் இருந்தன, எலக்ட்ரான் என்ற ஒன்றே அப்போது தெரியாது. அவர் பார்த்ததும் இதைத்தான்: நிறை ஏற ஏற, ஆக்சிஜனோடும் ஹைட்ரஜனோடும் சேரும் அளவு ஒரு முறையில் திரும்பி வருகிறது.

கட்டிலிருந்து ஓர் அட்டையை முன்கூட்டியே எடுத்து ஒளித்து வைத்திருப்பேன். ஜெர்மானியம். சிலிக்கானுக்குக் கீழே, வெள்ளீயத்துக்கு மேலே, காலியத்துக்கும் ஆர்செனிக்குக்கும் நடுவே ஓர் இடம் காலியாக நிற்கும். நல்ல குழுவாக இருந்தால் இடைவெளி விட்டு அடுக்கும், அவசரக் குழு நெருக்கி அடுக்கிவிட்டு அடுத்த தொகுதிகள், அதாவது மேலிருந்து கீழான நிரல்கள், எல்லாம் ஏன் ஒரு கட்டம் தள்ளிப் போகின்றன என்று விழிக்கும். இடைவெளி தெரிந்ததும் கேட்பேன்: "இங்க இருக்க வேண்டியதோட எடை என்ன, அடர்த்தி என்ன?"

மேல், கீழ், இடம், வலம் நான்கையும் கூட்டி நான்கால் வகுக்கச் சொல்வேன். அணு நிறை: சிலிக்கான் 28.1, வெள்ளீயம் 118.7, காலியம் 69.7, ஆர்செனிக் 74.9. சராசரி 72.85. அடர்த்தி: 2.33, 7.3, 5.9, 5.7. சராசரி 5.3. அப்புறம் ஒளித்து வைத்த அட்டையை எடுத்துப் போடுவேன். அணு நிறை 72.6, அடர்த்தி 5.32. அந்த நேரத்தில் வகுப்பில் எழும் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து பார்த்திருக்கிறார்கள். மெண்டலீவ் 1871 இல் இந்தக் காலி இடத்துக்கு 72 என்றும் 5.5 என்றும் எழுதினார். அவருக்குக் காலியமும் அப்போது கிடையாது, அதுவும் ஒரு காலி இடம்தான். 1886 இல் ஜெர்மானிய வேதியியலாளர் கிளெமென்ஸ் விங்க்ளர் ஆர்ஜிரோடைட் என்ற கனிமத்தைப் பகுத்துப் பார்த்தபோது கணக்கில் சுமார் 7 சதவீதம் இடித்தது. எத்தனை முறை செய்தாலும் இடித்தது. அந்த 7 சதவீதம்தான் ஜெர்மானியம்.

கூடவே ஒன்றையும் செய்ய வைப்பேன். உருகுநிலைக்கும் இதே சராசரியைப் போடுங்கள். சிலிக்கான் 1414, வெள்ளீயம் 232, காலியம் 30க்கும் கீழே. ஆர்செனிக்கோ சாதாரண அழுத்தத்தில் உருகாமலே ஆவியாகிவிடும். சராசரி எங்கேயோ போய் நிற்கும், உண்மையான எண் 938. அணு நிறைக்கும் அடர்த்திக்கும் பக்கத்துவீடு பார்த்துச் சொன்னது உருகுநிலைக்கு ஏன் பலிக்கவில்லை? உருகுநிலை ஓர் அணுவின் குணம் மட்டும் அல்ல, அணுக்கள் ஒன்றோடொன்று எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. அட்டவணை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது முதல் நாளே தெரிந்துவிடுவது நல்லது.

காலியத்தின் கதையையும் விடமாட்டேன். 1875 இல் அதைக் கண்டுபிடித்த பிரெஞ்சு வேதியியலாளர் லெகாக் தெ புவாபோத்ரான் அடர்த்தி 4.7 என்று அளந்தார். அந்த உலோகத்தைக் கண்ணால் பார்த்தே இராத மெண்டலீவ், அது 5.9 பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எழுதினார். இன்னும் சுத்தமாக்கி மறுபடி அளந்தபோது 5.9 தான் வந்தது. காலியத்தின் உருகுநிலை 29.8 டிகிரி. அடிவாரத்து வத்தலக்குண்டில் சித்திரை வெயிலில் மேசைமேல் வைத்தாலே உருகி ஓடும். எங்கள் வகுப்பறையில் மே மாதத்திலும் கட்டியாகவே இருக்கும், உள்ளங்கையில் வைத்தால்தான் உருகும். இதைச் சொன்னால் போதும், பிள்ளைகள் அந்தத் தனிமத்தை மறப்பதில்லை.

அட்டைகளில் ஒரு முள்ளும் வைத்திருக்கிறேன். டெல்லூரியம் 127.6, அயோடின் 126.9. நிறைப்படி வைத்தால் அயோடின் முன்னே வந்து ஆக்சிஜன், கந்தகம் இவற்றின் கீழே உட்காரும். டெல்லூரியம் போய்க் குளோரின், புரோமின் கீழே உட்காரும். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவார்கள். நிறைதான் விதி என்று ஒரு கட்சி, குணம்தான் முக்கியம் என்று மறு கட்சி. மெண்டலீவ் குணத்தின் பக்கம் நின்றார், டெல்லூரியத்தின் நிறையைத் தப்பாக அளந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். நிறை சரியாகத்தான் அளக்கப்பட்டிருந்தது. 1913 இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லே எக்ஸ் கதிர் நிறமாலையை வைத்து அணு எண்ணுக்கு அளவுகோல் கொடுத்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது: டெல்லூரியம் 52, அயோடின் 53. அடுக்க வேண்டியது அணுக்கருவில் உள்ள மின்சுமையை வைத்து. மோஸ்லே 1915 இல் கலிப்போலி போரில் இறந்தார், வயது 27. இதைச் சொல்லும்போது வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும், நானும் உடனே அடுத்ததற்குப் போக மாட்டேன்.

சரி, அடுக்கியாயிற்று. இனிதான் போக்குகள்.

வரைபடத்தாள் ஒன்று, பென்சில் ஒன்று, முதல் 20 தனிமங்களின் முதல் அயனியாக்கும் ஆற்றல், மோலுக்கு இத்தனை கிலோஜூல் என்ற கணக்கில். பிரிண்ட் எடுத்துக் கொடுத்த வரைபடம் வேண்டாம், செல்போனில் வரைவதும் வேண்டாம். கையால் புள்ளி வைத்தால்தான் ஒவ்வொரு எண்ணும் கண்ணில் ஒரு முறை படும். ஹைட்ரஜன் 1312, ஹீலியம் 2372, அங்கேயிருந்து லித்தியத்துக்கு 520 என்று ஒரே வீழ்ச்சி. அடுத்து நியானில் 2081 வரை ஏறி, சோடியத்தில் 496க்கு வீழ்ச்சி. ஆர்கானில் 1521, பொட்டாசியத்தில் 419. உச்சியில் எல்லாம் மந்த வாயுக்கள், பள்ளத்தில் எல்லாம் கார உலோகங்கள். தொகுதி என்றால் என்ன, வரிசை என்றால் என்ன என்று வரையறை எழுதிப் போட வேண்டிய அவசியமே இல்லை, தாளில் தெரிகிறது.

புள்ளிகளை இணைக்கும்போது சில பிள்ளைகள் கோட்டை வழவழவென்று இழுத்துவிடுவார்கள். அங்கே நிற்பேன். "போரானுக்கு எவ்வளவு?" 801. "அதுக்கு முந்தின பெரிலியத்துக்கு?" 899. "அப்ப ஏறுதா இறங்குதா?" இறங்குகிறது. நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314. இங்கேயும் இறக்கம். இடமிருந்து வலம் கூடும் என்று கீழ் வகுப்பிலேயே மனப்பாடம் செய்து வந்த பிள்ளை, தான் புள்ளியைத் தப்பாக வைத்துவிட்டதாக நினைத்து ரப்பரைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். எண்ணை நம்பாமல் அம்புக்குறியை நம்புகிறது பிள்ளை. இந்தப் பாடத்தில் நான் மாற்ற நினைப்பது அதைத்தான்.

அணுவின் எலக்ட்ரான் கூடுகளுக்குள் எஸ், பி, டி, எஃப் என்று துணைக்கூடுகள் உண்டு. போரானில் பிரியும் எலக்ட்ரான் 2பி யில் இருக்கிறது. பெரிலியத்தில் பிரிவது 2எஸ் இலிருந்து. 2பி கொஞ்சம் உயர்ந்த மட்டம், உள்ளே ஊடுருவுவதும் குறைவு, எளிதாக வந்துவிடும். இது சுலபம். ஆக்சிஜனுக்குப் புத்தகங்களில் பெரும்பாலும் சொல்வது, நைட்ரஜனில் 2பி பாதி நிரம்பியிருப்பதால் அதற்குக் கூடுதல் நிலைப்புத்தன்மை என்று. எனக்கு இந்த வாக்கியம் பிடிக்காது. கூடுதல் நிலைப்புத்தன்மை என்பது பார்த்ததற்கு வைத்த பெயர், காரணம் அல்ல. நைட்ரஜனில் மூன்று எலக்ட்ரானும் தனித்தனி அறையில், அதாவது ஆர்பிட்டாலில், இருக்கின்றன. ஆக்சிஜனில் நான்காவது ஏற்கெனவே ஒன்று இருக்கும் இடத்தில் போய் ஜோடி சேர வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று தள்ளும், அதனால் ஒன்றை எடுப்பது எளிது. இப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி தானாக வரும். மூன்றாவது வரிசையில் பாஸ்பரஸ் 1012, கந்தகம் 1000. இறக்கம் 12 தான், நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே 88 இருந்ததே? மூன்றாவது கூடு பெரியது, ஜோடியாக இருந்தாலும் தள்ளிக்கொள்ளும் வேகம் குறைவு. பாதி நிரம்பிய நிலைப்புத்தன்மை என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் இந்த 12க்கும் 88க்கும் பதில் சொல்ல வழியே இல்லை.

அணு ஆரத்துக்கு வருகிறேன். சோடியம் 186 பிகோமீட்டர், குளோரின் 99. போன வருட வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், ஒவ்வொரு எலக்ட்ரானா சேர்த்துக்கிட்டே போறோம், அப்ப உருண்டை பெருக்கத்தானே செய்யணும்?" என்று கேட்டாள். ரொம்ப நேர்மையான கேள்வி. இதற்கு "அணுக்கரு மின்சுமை அதிகரிப்பதால்" என்று ஒரு வரி சொல்லி உட்கார வைக்கலாம், அவளும் உட்கார்ந்துவிடுவாள். எலக்ட்ரானும் கூடுகிறது, புரோட்டானும் கூடுகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் மாறும்போது எது என்ன செய்கிறது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஒன்றை அசையாமல் பிடித்து நிறுத்த வேண்டும்.

அதனால் பலகையில் ஐந்து அயனிகளை, அதாவது எலக்ட்ரானை ஏற்றோ இழந்தோ மின்சுமை பெற்ற அணுக்களை, எழுதினேன். ஆக்சைடு, ஃபுளூரைடு, சோடியம், மெக்னீசியம், அலுமினியம். ஐந்துக்கும் எலக்ட்ரான் எத்தனை என்று அவளையே எண்ணச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் 10. எலக்ட்ரான் மாறவே இல்லை. புரோட்டான் மட்டும் 8, 9, 11, 12, 13 என்று ஏறுகிறது. ஆரம் 140, 133, 102, 72, 54. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப உள்ள இருந்து இழுக்கிறதுதான் அளவைத் தீர்மானிக்குது" என்றாள். அதற்கு மேல் அந்த நாளில் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இழுப்பு முழுதாக வெளியே வருவதில்லை, உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் அதை மறைக்கின்றன. திரைமறைப்பு விளைவு. இதற்கு எங்கள் ஊரில் ஓர் உதாரணம் கையருகே இருக்கிறது: மேகம் இறங்கிய சாலையில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு. விளக்கு அதேதான், நடுவில் எவ்வளவு மேகம் என்பதைப் பொறுத்து நமக்குத் தெரியும் வெளிச்சம் மாறும். இது எங்கே பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுவேன்: மேகம் ஒளியைச் சிதறடிக்கிறது, உள் எலக்ட்ரானோ வெளி எலக்ட்ரானைத் தள்ளுகிறது. ஒரே கூட்டில் இருப்பவை ஒன்றையொன்று அவ்வளவாக மறைப்பதில்லை, உள் கூட்டில் இருப்பவை நன்றாக மறைக்கும். இந்த ஒரு வரியிலிருந்து இரண்டு அம்புக்குறியும் பிறந்துவிடும். வரிசையில் போகும்போது மறைப்பு பெரிதாகக் கூடாமல் இழுப்பு கூடுகிறது, அணு சுருங்குகிறது. தொகுதியில் இறங்கும்போது புதுக் கூடு சேர்கிறது, அணு பெருக்கிறது.

இந்த இடத்தில் எனக்குக் கிடைத்திருக்கும் வசதி வேறு ஊர் ஆசிரியர்களுக்குக் கிடைக்குமா தெரியவில்லை. மேலே குன்றில் சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1899 இல் தொடங்கியது, 1909 இல் ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதை இங்கேதான் கண்டறிந்தார். 1904 முதல் அங்கே சூரியனைப் படம் பிடித்து வந்திருக்கிறார்கள், அதிலும் ஒரு வகைப் படம் கால்சியம் உமிழும் ஊதா ஒளியில் மட்டும் எடுப்பது, 393 நானோமீட்டரில். கால்சியம் என்றால் சாதாரண கால்சியம் அல்ல, ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியம் அயனி.

பிள்ளைகளிடம் கணக்குப் போடச் சொல்வேன். கால்சியத்துக்கு 20 எலக்ட்ரான், ஒன்று போனால் 19. பொட்டாசியத்துக்கும் 19. இரண்டுக்கும் ஒரே அமைப்பு, வெளியே ஒரே ஒரு 4எஸ் எலக்ட்ரான். அந்த எலக்ட்ரான் 4பி க்குத் தாவப் பொட்டாசியத்தில் தேவைப்படும் ஒளி 766, 770 நானோமீட்டர், சிவப்பின் கடைசி ஓரம். கால்சியம் அயனியில் அதே தாவலுக்கு 393, 397, ஊதாவின் ஓரம். அலைநீளம் பாதியானால் ஆற்றல் இருமடங்கு. எலக்ட்ரான் எண்ணிக்கையில் மாற்றமில்லை, அமைப்பில் மாற்றமில்லை, கூடியது ஒரே ஒரு புரோட்டான். உள்ளே இருக்கும் 18 எலக்ட்ரானும் முழுதாக மறைப்பதாக வைத்துக்கொண்டால், பொட்டாசியத்தில் வெளி எலக்ட்ரானுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ ஒரு மின்சுமை, கால்சியம் அயனியில் இரண்டு. செயலுறு அணுக்கரு மின்சுமை என்று புத்தகத்தில் அச்சடித்திருக்கும் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்திய வானியற்பியலாளர் மேக்நாத் சாஹாவும் இங்கேதான் வருவார். 1920 இல் அவர் சூரியனின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தனிமங்களின் அயனியாக்கும் ஆற்றலையும் ஒரே சமன்பாட்டில் கொண்டுவந்தார். சூரிய ஒளியில் ருபீடியத்தின் கோடுகள் ஏன் தெரியவில்லை? ருபீடியம் இல்லாததால் அல்ல. அதன் அயனியாக்கும் ஆற்றல் 403 தான், சூரியப் பரப்பின் சுமார் 5800 கெல்வின் வெப்பத்தில் அநேகமாக எல்லா அணுவும் வெளி எலக்ட்ரானை இழந்து நிற்கும். மீதமுள்ள அயனிக்கு மந்த வாயுவின் அமைப்பு, அதன் கோடுகள் நம் கண்ணுக்கு எட்டாத புற ஊதாவில் விழும். சூரியப் புள்ளிகள் குளிர்ச்சியானவை, அங்கே தேடுங்கள் என்றார் சாஹா. அமெரிக்க வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் தேடினார், ருபீடியம் இருந்தது. முதல் தொகுதியில் கீழே போகப்போக அயனியாக்கும் ஆற்றல் குறையும் என்று நாம் பரீட்சைக்கு எழுதும் அதே வரிதான் இது. 496, 419, 403, 376 என்று சோடியத்திலிருந்து சீசியம் வரை பிள்ளைகள் தாளில் எழுதிவைத்திருக்கும் எண்கள் சூரியனில் எது தெரியும், எது தெரியாது என்று முடிவு செய்கின்றன. ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் இந்தப் பாடம் முடிந்த வாரத்தில்தான் கூட்டிப்போவேன். முன்பே போனால் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள்.

போக்கு புரண்டு போகும் இடம் ஒன்று எங்கள் பிள்ளைகளுக்கு வேறு விதத்தில் தெரிந்ததுதான். பாதரசம். கொடைக்கானலில் அந்தப் பெயரைச் சொன்னால் 2001 இல் மூடிய தெர்மாமீட்டர் ஆலைதான் எல்லாருக்கும் நினைவு வரும். அங்கே வேலை பார்த்த தாத்தாவோ சித்தப்பாவோ சில வீடுகளில் இருக்கிறார்கள், அதனால் அதை வெறும் தனிமமாக மட்டும் பேசிவிட்டு நகர்வது எனக்கு முடியாது. அதன் ஆவி நிறமற்றது, மணமற்றது, மூச்சில் போய் நரம்பைத் தாக்கும் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் எண்களுக்குப் போவேன். துத்தநாகம் 906, காட்மியம் 868, பாதரசம் 1007. கீழே இறங்கினால் குறைய வேண்டியது, கடைசியில் எகிறிவிட்டது. காட்மியத்துக்கும் பாதரசத்துக்கும் நடுவில் லாந்தனைடுகள் என்ற 14 உலோகங்கள் வந்துபோகின்றன, 14 புரோட்டான் கூடிவிட்டது, எஃப் எலக்ட்ரான்களுக்கோ மறைக்கும் திறன் குறைவு. கூடவே, அவ்வளவு கனமான அணுக்கருவின் அருகே எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலே ஓடுகின்றன, ஐன்ஸ்டீனின் சார்பியல் அங்கே வேலை செய்து வெளி ஜோடியை உள்ளே இழுத்துவிடுகிறது. தன் எலக்ட்ரான்களை இவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கும் அணுக்கள் ஒன்றோடொன்று பலமாகப் பிணைவதில்லை, அதனால்தான் அந்த உலோகம் அறை வெப்பத்தில் திரவம். பிளஸ் ஒன்னுக்கு இது அதிகம் என்று சிலர் சொல்வார்கள். கணக்கு அதிகம்தான். காரணம் அதிகம் இல்லை, பிள்ளைகள் வாங்கிக்கொள்கிறார்கள்.

தொகுதி ஒற்றுமைக்கு மலைப்பூண்டு போதும். புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, பாதிப் பிள்ளைகள் வீட்டில் விளைவது. அதன் நெடிக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள். கந்தகத்துக்கு நேர் கீழே செலினியம். மண்ணில் செலினியம் இருந்தால் பூண்டுச் செடி கந்தகத்தை எடுக்கும் அதே வழியில் அதையும் எடுத்து, கந்தகம் உட்காரும் இடத்தில் வைத்துக்கொள்கிறது. வெளிக்கூட்டில் இரண்டுக்கும் ஆறு எலக்ட்ரான். செடிக்கே வித்தியாசம் சரியாகத் தெரியாத அளவுக்கு ஒற்றுமை என்றதும், பதினாறாம் தொகுதி அவர்களுக்கு வீட்டுத் தோட்டத்துக்கு வந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று சக ஆசிரியர்கள் கேட்பது நியாயம். பாடத்திட்டம் நீளம், மழைக்கு விடுமுறை, மண் சரிந்தால் பஸ் வராது. நானும் எல்லாவற்றுக்கும் இவ்வளவு நேரம் கொடுப்பதில்லை. மெண்டலீவுக்கு முந்தைய மும்மை விதி, எண்ம விதி எல்லாம் ஒரே வகுப்பில் முடித்துவிடுவேன், தனிமங்களுக்குப் பெயர் வைக்கும் முறையை வீட்டில் படிக்கச் சொல்லிவிடுவேன். இங்கே செலவழித்த நேரம் வேதிப்பிணைப்பில் திரும்பி வருகிறது. எலக்ட்ரான் கவர்தன்மையைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, ஹைட்ரஜன் ஃபுளூரைடில் எலக்ட்ரான் எந்தப் பக்கம் சாயும் என்று அவர்களே சொல்கிறார்கள். நீட்டுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் விதிவிலக்குகளைப் பட்டியல் போட்டு உருப்போடுவதைவிட இதுதான் கைகொடுக்கிறது, ஏனென்றால் அங்கே கேட்பதே விதிவிலக்குகளைத்தான்.

செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று மட்டும். நேரம் குறைவென்றால் அட்டைகளை விட்டுவிடுங்கள், வரைபடத்தை விடாதீர்கள். அடுத்தடுத்த அயனியாக்கும் ஆற்றல்களைக் கொடுத்து இது எந்தத் தொகுதி என்று கேட்பதும் நல்ல பயிற்சி: 738, 1451, 7733. மூன்றாவதில் திடீரென்று தாவுகிறது, அப்படியானால் வெளியே இருந்தது இரண்டு, இரண்டாம் தொகுதி. மெக்னீசியம். இதைக் கண்டுபிடித்த பிள்ளைகள் இன்னொன்று கொடுங்கள் என்று கேட்பார்கள், அலுமினியத்தைக் கொடுங்கள்: 578, 1817, 2745, 11577.

பாடத்தின் கடைசியில் ஹைட்ரஜன் அட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று கேட்பேன். வெளியே ஓர் எலக்ட்ரான், அதனால் லித்தியத்துக்கு மேலே. ஆனால் அதன் அயனியாக்கும் ஆற்றல் 1312, லித்தியத்தின் இரண்டரை மடங்கு, குளோரினின் 1251க்குப் பக்கத்தில். மந்த வாயு அமைப்புக்கு ஓர் எலக்ட்ரான் குறைவு, அதனால் ஃபுளூரினுக்கு மேலே. எந்தக் கட்சிக்கும் எண் இருக்கிறது. இந்த வருடம் ஒரு குழு அதை எந்தத் தொகுதியிலும் சேர்க்காமல் மேலே தனியாக வைத்து, காரணத்தை மூன்று வரியில் எழுதிக் கொடுத்தது. அச்சடித்த சில அட்டவணைகளிலும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. முழு மதிப்பெண் போட்டேன், முதல் தொகுதி என்று எழுதிய குழுவுக்கும் அவர்கள் காட்டிய எண்ணுக்காக அதே மதிப்பெண்.